நிச்சயதார்த்தக் காய்ச்சல்

சின்னாளபட்டி
22-7-2006

அன்புள்ள சம்மந்தி சிவனம்மாள் அவர்களுக்குப் பாண்டிச்செல்வி எழுதுவது.

முந்தாநாள் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். நீங்களே எடுத்து, "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நிச்சயதார்த்தத்தன்று "பாயசத்துல ஏலக்காய் பத்தலைங்க" என்று சொன்ன அதே குரல். பழனியில் அந்தக் குரலில் இன்னொருத்தர் இருக்க வாய்ப்பில்லை. கடிதத்துக்கு ராங் நம்பர் சொல்ல முடியாதே என்று இன்லேண்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தரகர் நல்லுசாமி நேற்று வந்தார். வந்தவர் காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார். நிச்சயம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் உங்கள் வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காய்ச்சலில் விழுந்துவிட்டீர்களாம். கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டதாம். "பொண்ணு ராசி சரியில்லையோன்னு யோசிக்கிறாங்க" என்றார். காபிக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் சர்க்கரையாவது மிச்சமாகியிருக்கும்.

சம்மந்தி, என் மகள் சத்யபிரியாவுக்கு ராசி இருக்கிறதோ இல்லையோ, இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் அவளோடு இருக்கிற எனக்கு இதுவரை தலைவலி தவிர ஒன்றும் வந்ததில்லை. அன்றைக்கு எங்கள் சமையலைச் சாப்பிட்ட எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் மறுநாள் நன்றாகத்தான் இருந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர்தான் பாவம், அத்தனை வெஞ்சனம் வைத்தும் ரசச் சோறு மட்டும் சாப்பிட்டார். அந்தப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு தறிக்கூடத்தில் போய்ப் படுத்தார். "மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நம்ம வீட்டுக் காத்துகூடப் பிடிக்கல போலருக்கு" என்று என் வீட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

நீங்கள் சொன்ன வழக்கப்படி சீர்ப் பாத்திரங்களையெல்லாம் முன்கட்டில் வரிசையாக வைத்து, தண்ணீர் நிரப்பி, மாவிலை போட்டு, வாய் மூடாமல் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அப்படியும் குடிக்கிற தண்ணீரைக் குறைத்து அண்டாவை நிரப்பினோம். ஆடி முடிந்து ஆவணியில் கல்யாணம் ஆகிற வரைக்கும் நாங்கள் முன்கட்டில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். உங்களுக்காக நடக்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் பொம்மையன் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்க முடியவில்லை என்று கூப்பிடுகிறார். நேற்றிலிருந்து உடம்பு சூடு. போய்த் தூக்கிவிட்டு வருகிறேன். உங்களுக்கு வந்தது இங்கேயும் வந்துவிட்டது போல. இதற்கு யார் ராசி காரணம் என்று நல்லுசாமியிடம் கேட்க வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள், திட்டியாவது.

பாண்டிச்செல்வி


பழனி
29-7-2006

திருமதி பாண்டிச்செல்வி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணம் முடியும் முன் சம்மந்தி என்று அழைக்க வேண்டாம். பெயர் சொல்லி எழுதினால் போதும்.

விரல் மடங்கவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அடுத்து என் மகன் அஜய்க்கு. கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் அவ்வளவு கூட்டம். நாங்கள் பஞ்சாமிர்தக் கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துக் கிடந்தோம். கடை வைத்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. ஒரு வீட்டில் பெண் எடுக்கப் போன கையோடு இப்படி நடந்தால் யாராக இருந்தாலும் யோசிக்கத்தான் செய்வார்கள். உங்கள் பெண்ணைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி முடியட்டும். ஜோசியரைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம்.

அதுவரை சீர்ப் பாத்திரத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. இது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். நிச்சயத்தன்று நிரப்பிய தண்ணீர் கல்யாணம் வரை நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் மேலே ஊற்றலாம், கவிழ்க்கக் கூடாது. எனக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த எவர்சில்வர் அண்டா, அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கே முதல் எவர்சில்வர், இன்றைக்கும் எங்கள் பூஜையறையில் தண்ணீரோடுதான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து குறையக் குறைய நிரப்பி வருகிறேன், ஒருநாளும் கவிழ்த்ததில்லை. இந்தக் குடும்பம் நிறைந்திருப்பது அதனால்தான்.

உங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைக் கொட்டினால், அதுவே பதில் என்று எடுத்துக்கொள்வோம்.

சிவனம்மாள்

உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது?


சின்னாளபட்டி
5-8-2006

அன்புள்ள சம்மந்தியாகப் போகிறவருக்கு,

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள். என்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செத்துப்போன எங்கள் அம்மா எழுந்து வந்து அடிக்கும். நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்து நடக்கிறார். எங்கள் தெருவில் இப்போது நிமிர்ந்து நடக்கிற ஆளைப் பார்த்தால் வெளியூர் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் நேற்று என் வாசலைத் தாண்டிக் குனிந்துகொண்டே போனது. "என்னடி, கம்மலைத் தொலைச்சிட்டியா?" என்றேன். "நிமிர முடிஞ்சா ஒன்ன ஒரு அறை அறைவேன்" என்றது. தறிச் சத்தமே இல்லை. எங்கள் தெருவில் தறி நின்றால் கோழிகூட என்னவோ ஏதோ என்று பார்க்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து சத்யபிரியாவும் படுத்துவிட்டாள். தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக் குடிக்கிறாள். ஆனால் செல்போன் அடித்தால் மட்டும் அந்தக் கை எப்படியோ போய்விடுகிறது. அடிப்பது யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி நர்ஸம்மா ஜெஸ்ஸி வியாழக்கிழமை வீடு வீடாக வந்தது. சின்னப் பெண், ஆனால் நாய்க்குக்கூடப் பயப்படாது. முன்கட்டுக்குள் நுழைந்து சீர் வரிசையைப் பார்த்துவிட்டு, "கல்யாணமாக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டது. பிறகு டார்ச்சை எடுத்துப் பெரிய அண்டாவுக்குள் அடித்தது. முகம் மாறிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டியது. சம்மந்தி, உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புழு. வெளிச்சம் பட்டதும் மொத்தமாக நெளிந்து அடியில் போனது. நீங்கள் போடச் சொன்ன மாவிலை அழுகி அதற்குச் சாப்பாடாகியிருக்கிறது. நம் சீர்ப் பாத்திரத்தில் முதலில் குடித்தனம் நடத்தியது கொசுதான்.

"சிக்குன்குனியாக்கா இது. வெள்ளை வெள்ளையாப் புள்ளி போட்ட கொசு, பகல்லதான் கடிக்கும். சாக்கடைக்குப் போகாது, நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும்" என்றது.

"நல்ல தண்ணி எங்களுக்கே கிடைக்கல, அதுக்கு மட்டும் எப்படி?" என்றேன்.

"கிடைக்காததுனாலதான நீங்க பிடிச்சுப் பிடிச்சு வைக்கிறீங்க" என்று சிரித்தது. பிறகு ஒன்று சொன்னது. கொசு பிறக்கும்போதே காய்ச்சலைக் கொண்டுவருவதில்லையாம். காய்ச்சல்காரரைக் கடித்தால், அந்த நோய் அதன் வயிற்றில் கொஞ்ச நாள் ஊறி, அப்புறம் கொசு யாரைக் கடிக்கிறதோ அவருக்கு வருமாம். "அப்படின்னா யாரோ ஒருத்தர் காய்ச்சலோட இந்தத் தெருவுக்கு வந்திருக்கணும்க்கா" என்றது.

நான் உடனே அந்த ஃபேனை நினைத்தேன். புழுக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ரசச் சோறு சாப்பிட்டு, பட்டப்பகலில் எங்கள் தறிக்கூடத்தில் படுத்திருந்தது யார்? கோபப்படாதீர்கள். உங்கள் ஊருக்கு எல்லா ஊர் பஸ்ஸும் வருகிறது. முருகனைப் பார்க்க வருகிறவர் காய்ச்சலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வருவார்? உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே வந்திருக்கும். அதோடு இங்கே வந்திருப்பார். கூட வந்தவர்களுக்கும் அங்கேயே கடி விழுந்திருக்கும், படுத்தது மட்டும் எங்கள் வீட்டு விருந்துக்குப் பிறகு. காய்ச்சல் உங்களுடையது, கொசு எங்களுடையது. வரதட்சணை மாதிரி இல்லாமல் சரிபாதியாகப் போட்டிருக்கிறோம்.

ஜெஸ்ஸி தண்ணீரைக் கொட்டச் சொல்கிறது. கொட்டினால் போதாதாம், முட்டை விளிம்பில் ஒட்டியிருக்குமாம், தேய்த்துக் கழுவ வேண்டுமாம். "இல்லன்னா துணி போட்டு இறுக்கிக் கட்டுங்க" என்றது. நீங்கள் வாய் மூடக் கூடாது என்கிறீர்கள். நான் உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அதை அனுப்பிவிட்டேன். போகும்போது, "கேக்குறதுக்குள்ள அது பறந்துரும்க்கா" என்றது.

கருப்பம்மாள் மகளுக்கு இந்த மாதம் பிரசவம். நடுவில் ஒரு சுவர்தான். கொட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். போஸ்ட் கார்டு போதும்.

பாண்டிச்செல்வி


பழனி
11-8-2006

திருமதி பாண்டிச்செல்வி அவர்களுக்கு,

உங்கள் வேடிக்கைப் பேச்சை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. என் வீட்டுக்காரர் ரங்கசாமிக்கு அன்று காய்ச்சல் கிடையாது. அவருக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். வீடு தேடி வந்தவரை நோய் கொண்டுவந்தவர் என்று எழுதுவது உங்கள் பக்கத்தில் மரியாதையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் இல்லைங்க.

சீர்த் தண்ணீரைக் கொட்டலாமா என்று கேட்பதே அபசகுனம். என் பதில் போன கடிதத்தில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். காய்ச்சல் விட்டு இத்தனை நாளாகியும் கணுக்காலும் மணிக்கட்டும் காலையில் எழுந்தால் கல் மாதிரி இருக்கிறது. கரண்டி பிடிக்க முடியவில்லை. அஜய்தான் சமைக்கிறான். அவன் வைக்கும் குழம்பைச் சாப்பிடுவதற்குக் காய்ச்சலே தேவலை. உங்கள் நர்ஸம்மா இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதவும்.

சிவனம்மாள்


சின்னாளபட்டி
19-8-2006

திருமதி சிவனம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?

தண்ணீரைக் கொட்டிவிட்டேன். நல்லுசாமி காபி குடித்துவிட்டு உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை கருப்பம்மாள் மகளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். பெண் குழந்தை. பார்க்கப் போனேன். கொழுகொழு என்று பெரிய பிள்ளை இல்லை, கைக்குட்டையில் முடிந்து வைத்த மாதிரி இருந்தது. பகல் நேரம். தொட்டிலுக்கு மேலே ஒரு கொசு. வெள்ளைப் புள்ளி போட்ட கால். கருப்பம்மாளுக்குக் கை தூக்க வரவில்லை. நான்தான் அடித்தேன். கையை விரித்துப் பார்த்தால் ரத்தம் இருந்தது. யார் ரத்தம் என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையுடையதாக இருக்கக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். முன்கட்டில் நம் அண்டா வாயைத் திறந்துகொண்டு இருந்தது. சத்யபிரியாவிடம், "ஏம்மா, இதக் கொட்டுனா ஒன் கல்யாணம் நின்னு போகும். கொட்டவா வேணாமா, நீயே சொல்லு" என்றேன். அவள் மெதுவாக எழுந்து வந்தாள். மூட்டு வலியோடு குனிந்து, சின்னக் குடத்தை அவளே தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. காலால் தள்ளிவிட்டாள். பெரிய அண்டாவை நானும் அவளும் சாய்த்தோம். வாசல் முருங்கை மரத்துக்கு அன்றைக்குத்தான் நல்ல யோகம். தேங்காய் நார் போட்டு விளிம்பெல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அழுதாள். நானும் கொஞ்சம். பிறகு அவள் தலை சீவவில்லை என்று திட்டினேன், சரியாகிவிட்டது.

உங்கள் மாமியார் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. வீடு நிறைந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் நல்லவராகத்தான் இருப்பார். அவர் இப்போது இருந்து அந்தத் தொட்டிலைப் பார்த்திருந்தால் என்னைவிட வேகமாகச் சாய்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் உங்கள் முடிவு. வேண்டாம் என்றால் மோதிரத்தையும் சேலையையும் அனுப்பிவைக்கிறேன், மனசு நோகப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தறிக்கூடத்தில் உங்கள் வீட்டுக்காரரைக் கடித்த கொசு, அவர் ரத்தத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்து, என் வீட்டுக்காரரைக் கடித்து அவர் ரத்தத்தையும் குடித்திருக்கிறது. ஜோசியரைக் கேட்காமல், ஆடியா ஆவணியா என்று பார்க்காமல், ரெண்டு குடும்பத்தையும் அது ஒன்றாகச் சேர்த்துவிட்டது. நீங்கள் வேண்டாம் என்றாலும் அந்த அளவுக்கு நாம் உறவுதான்.

நீங்கள் கேட்டது. ஜெஸ்ஸியிடம் சொன்னேன். காய்ச்சல் மாத்திரை தவிர கடையில் கொடுக்கிற வலி ஊசியெல்லாம் போட்டுக்கொள்ளக் கூடாதாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காலையில் வெந்நீர் ஒத்தடம், விரலை மெல்ல மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில் இருக்குமாம், ஆனால் போய்விடுமாம். "போயிருமா?" என்று ரெண்டு தடவை கேட்டேன். "போயிரும்க்கா" என்று ரெண்டு தடவையும் சொன்னது.

இன்னொன்று. உங்கள் கடைக்குப் பின்னால் தேங்காய் ஓடு கிடக்கும் இல்லையா? மழைத் தண்ணீர் நிற்கும். பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள். சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன்.

பாண்டிச்செல்வி


பழனி
27-8-2006

சம்மந்திக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். மதியம் எடுத்து நீவிப் படித்தேன்.

விஷயம் அஜய்க்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எப்படி என்று நானும் கேட்கவில்லை. சாயந்தரம் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "அம்மா, கல்யாணத்த நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா அந்தப் புள்ளை தப்பு பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான். எதிர்த்துப் பேசத் தெரியாத பையன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். நீங்கள் சொன்னது சரிதாங்க. தேங்காய் ஓடு, வாழைப்பழம் வந்த தட்டுக்கூடை மேல் போட்ட பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றிலும் நெளிந்தது.

திரும்பி வந்தவன் பூஜையறை வாசலில் நின்றான். டார்ச்சை என் கையில் கொடுத்தான்.

நானே பார்த்தேன். என் அண்டா.

நான் அதற்குத் தினமும் பூ வைக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கேற்றுகிறேன். என் கணுக்காலில் கொசு கடித்துக்கொண்டிருந்ததைச் சாமி கும்பிடும்போது கவனித்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வந்ததற்கு உங்கள் பெண்ணின் ராசியை நான் ஏன் தேடிப் போனேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் இருந்துச்சுங்களா, இல்லைங்களா?" என்றேன். தலையைச் சொறிந்தார். "லேசாத்தான் இருந்துச்சு. செம்பட்டியில பஸ் நின்னப்ப ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டேன். நாள் தள்ளுனா ஆடி வந்திருமில்ல" என்றார். இத்தனை வருஷம் அவர் பொய் சொன்னால் மூக்கு விடைப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு மூக்கைத் துண்டால் மூடியிருந்திருக்கிறார்.

அண்டாவை நாங்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போய்ச் செவ்வந்திச் செடிக்கு ஊற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. காலையில் வழக்கம்போலப் பால்காரர் வந்தார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஜோசியரைக் கேட்கவில்லை, மண்டபம் கிடைத்த நாள் அதுதான். சீர்ப் பாத்திரம் வெறுமையாக வரக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லைங்க. எதை நிரப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தண்ணீர் வேண்டாம்.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுதுங்கள்.

சிவனம்மாள்

பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை என்றது உண்மைதான். அதை வாபஸ் வாங்க முடியாது.


சின்னாளபட்டி
2-9-2006

அன்புள்ள சம்மந்தி, சம்மந்தி, சம்மந்திக்கு (விட்டுப்போனதையும் சேர்த்து),

குழந்தை நன்றாக இருக்கிறது. காய்ச்சல் வரவில்லை. தெருவையே எழுப்புகிற மாதிரி அழுகிறது, அழுதால் நல்லது என்கிறது ஜெஸ்ஸி. முதல் வரியில் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தபோது சத்யபிரியா அடுப்படியில் இருந்தாள். நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் கரண்டிச் சத்தம் நின்றது. முடித்துவிட்டுப் பார்த்தால் ஆள் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டு முகத்தைத் துடைக்கிறாள். "வெங்காயம்மா" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான்.

எங்கள் தெருவில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எல்லா வீட்டுத் தொட்டியையும் தேய்த்துக் கழுவிக் காயப்போடுகிறார்கள். கருப்பம்மாள்தான் மேஸ்திரி. கழுவாத வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த வயதில் பல் விழுந்தது என்பதிலிருந்து ஆரம்பித்துப் பேசும். பயந்துகொண்டே கழுவிவிடுகிறார்கள். புதிதாகக் காய்ச்சல் என்று யாரும் படுக்கவில்லை. இப்படியே போகட்டும்.

என் வீட்டுக்காரர் நேற்றுக் காலையில் தறிக்குழிக்குள் இறங்கினார். நான் பின்னாலேயே போய் நின்றேன். "தூக்குறதுக்கு நிக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். அரை மணி நேரம் நெய்தார். பிறகு, "நகரு" என்று சொல்லிவிட்டுத் தானாகவே ஏறினார். ஏறி முடித்துவிட்டு மலை ஏறினவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் போய்க் காபி போட்டேன்.

தறியில் இருப்பது உங்களுக்கான சேலை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கால்வாசிதான் வந்திருக்கிறது. மீதி நூலெல்லாம் கட்டுக் கட்டாக, சிட்டம் சிட்டமாகக் கிடந்தது. அதையே சீர் அண்டாவில் நிரப்பிவிட்டேன். இதைவிட நிறைவாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்துக்குள் அவர் நெய்து முடித்தால் சேலையாகத் தருகிறோம். முடிக்காவிட்டால் அண்டாவோடு நூலாக வரும், நீங்கள் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு கவலை. அன்றைக்கு மண்டபத்தில் உங்கள் பக்கமும் நொண்டுவார்கள், எங்கள் பக்கமும் நொண்டுவார்கள். பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் போகட்டும்.

பாயசத்துக்கு ஏலக்காயை நீங்களே உங்கள் கையால் போடுங்கள். கரண்டி பிடிக்க முடிகிறதா என்று நானும் பார்த்துக்கொள்வேன். மண்டபத்தில் ஃபேன் எல்லாம் ஓடும். உங்கள் வீட்டுக்காரர் ஒரு ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் ஜெஸ்ஸி தெர்மாமீட்டரோடு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும். முதல் பத்திரிகையையே ஜெஸ்ஸிக்குத்தான் வைத்தேன்.

உங்கள் சம்மந்தி,
பாண்டிச்செல்வி